கரைப்பான் இல்லாம சீனியைப் பூட்டுறது

நேற்றுப் பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில நடக்கேக்க, கெமிஸ்ட்ரி படிக்கிற தங்கச்சி கேட்டாள், குளுக்கோசில ஒரு ஓஎச்சில (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த கூட்டம்) மட்டும் வேலை செய்யிறது ஏன் அண்ணா இவ்வளவு கஷ்டம் எண்டு. அதில 5 ஓஎச் இருக்கு, பெரும்பாலானது கிட்டத்தட்ட ஒரே குணம், 6ஆம் காபனில இருக்கிறது கொஞ்சம் லேசாத் தாக்கமடையும், அதால வேண்டாததுகளை முதல்ல தாக்கமடையாத மாதிரிப் பூட்டி வச்சிட்டுத்தான் வேலை தொடங்கோணும்.

பழைய முறையில பூட்டுப் போடுற அசற்றிக் அன்ஹைட்ரைட்டோட பிரிடீன் எண்ட கரைப்பானை நிறைய ஊத்துவினம், அந்த மணம் உடுப்பில ஏறினா லேசில போகாது, நஞ்சும் கூட, பிறகு அதை முழுசா எடுக்கிறதே தனி வேலை. கரைப்பானே இல்லாம, அன்ஹைட்ரைட்டுக்க கொஞ்சம் அயடீனை ஊக்கியாப் போட்டாலே 5 ஓஎச்சும் அசற்றேற்றா மாறிப் பூட்டுப்பட்டிடும், 1997இல வந்த முறை. எனக்கு இதுதான் நல்லாப் பிடிச்சது! ஆனா சூடு சட்டெண்டு ஏறும், ஐஸில வச்சு மெதுவாச் செய்யோணும். முடிய தயோசல்பேற்றுக் கரைசல் விட்டா அயடீனின்ர கபில நிறம் அப்பிடியே மறைஞ்சிடும், பாக்கவே சந்தோசமா இருக்கும்.

பூட்டைத் திறக்க மெதனோல்ல சோடியம் மெதொக்சைட்டு எண்ட காரம் கொஞ்சம் காணும், அங்க மட்டும் கரைப்பான் வேணும்தான்.