நீர்மூழ்கியை மீட்கப் போய் குரூசரைத் தொலைத்த கதை

1916 டிசம்பர். அமெரிக்கக் கடற்படையின் ஹெச்-3 நீர்மூழ்கி கலிபோர்னியாவின் யுரேகாவுக்கு அருகே சமோவா கடற்கரையில் பனிமூட்டத்தில் தரைதட்டியது. ஆட்களைக் கரைசேர்த்துவிட்டார்கள், கப்பல் மணலில் புதைந்துகொண்டது.

உள்ளூர் மரவேலை ஒப்பந்தக்காரர்கள் 18,000 டாலருக்கு மீட்டுத் தருகிறோம் என்றார்கள். கடற்படைக்கு அது நம்பும்படியாக இல்லை. 1917 ஜனவரியில் 9,700 டன் எடையுள்ள மில்வாக்கி என்ற குரூசரை, அதாவது பெரிய போர்க்கப்பலை, அனுப்பி வடம் கட்டி இழுத்தார்கள். அந்த அலையில் இது ஆபத்து என்று பகுதியை அறிந்தவர்கள் சொன்னதையும் கேட்கவில்லை. (அதிகாரிக்கு யார் சொல்வது?) நீரோட்டம் தள்ள, 13ஆம் தேதி மில்வாக்கியும் தரைதட்டியது. நானூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் பிழைத்ததுதான் பெரிய விஷயம். கப்பல் மீளவே இல்லை.

அப்புறம் அதே ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் ஹெச்-3ஐ கடல்பக்கம் இழுக்கவே இல்லை. மரச்சட்டத்தில் தூக்கி, அடியில் உருளைக் கட்டைகளைக் கொடுத்து, மணல்மேடுகளைத் தாண்டி மறுபக்கம் இருந்த ஹம்போல்ட் விரிகுடாவுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். ஏப்ரலில் அது மறுபடி மிதந்தது. மில்வாக்கியை 1919இல் பழைய இரும்பு விலைக்கு விற்றார்கள்.