கிளாண்ட் சொட்டினால் என்ன செய்வாய்? சீலும் வால்வும் படித்த அனுபவம்

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த மறு வருடம், ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பராமரிப்பு டெக்னீஷியன் வேலைக்குத் தேர்வு எழுதினேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். திறன் தேர்வில், ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்பின் கிளாண்டை, அதாவது தண்டு வெளியே வரும் இடத்தில் கசிவை அடைக்கும் மூடியைக் காட்டி, "கிளாண்டுல தண்ணி சொட்டுது பாருங்க. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் தேர்வாளர். "சொட்டு நிக்கிற வரைக்கும் நட்டை இறுக்குவேன் சார்" என்றேன். அவர் மறுத்து எதுவும் சொல்லவில்லை. தாளில் ஏதோ எழுதிவிட்டு, "சரி தம்பி, அந்தப் பக்கம் போங்க" என்றார். பட்டியலில் என் எண் வரவில்லை.

என் விடையில் என்ன தப்பு என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. 'கசிவைத் தடுப்பதே கிளாண்டின் பணி' என்றுதானே மனப்பாடம் செய்திருந்தேன்.

எங்கள் வீடு கோயம்புத்தூர்ப் பக்கம். பம்ப் பட்டறைக்குப் பஞ்சமில்லாத ஊர். அடுத்த தேர்வு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு பட்டறையில் சேர்ந்துகொண்டேன். மேஸ்திரியிடம் நடந்ததைச் சொன்னதும் அவர் சிரித்தார். "சொட்டு நிக்கோணும்னா மோட்டாரை நிறுத்திப்போடு கண்ணு" என்றார். அப்புறம் குப்பைப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஷாஃப்ட் ஸ்லீவை (தண்டின் மேல் மாட்டும் உறைக்குழாய்) எடுத்து என் கையில் போட்டார். மேல்பரப்பு முழுக்க விரல் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம் பள்ளமாக அரித்திருந்தது. என்னைப் போல யாரோ சொட்டு நிற்கும்வரை இறுக்கிய கிளாண்டிலிருந்து வந்ததாம் அது.

விஷயம் இதுதான். தண்டைச் சுற்றியிருக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ் என்ற அறைக்குள் இருக்கும் பேக்கிங் கயிறு சுழலும் ஸ்லீவை அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த உரசலில் பிறக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவது அந்தச் சொட்டுதான், வழவழப்பைக் கொடுப்பதும் அதுதான். தண்டின் அளவையும் வேகத்தையும் பொறுத்து மாறும் என்றாலும், நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு என்று பல கையேடுகளில் பார்க்கலாம். அதை நிறுத்தினால் பேக்கிங் காய்ந்து கருகி ஸ்லீவைத் தின்னும். எனவே சரியான விடை: சொட்டாகத்தான் விழுகிறதா, தாரையாக ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பேன். தாரையாக ஓடினால், பம்ப் ஓடும்போதே இரண்டு நட்டையும் சமமாக, ஒரு நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் அளவுக்குத் திருப்பி, சற்று நேரம் விட்டு மறுபடி பார்ப்பேன்.

அன்றைக்குப் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய நோட்டு தொடங்கினேன். அதில் வகைப்பாடு, நன்மை தீமை எதுவும் எழுதவில்லை. எந்தக் கருவியானாலும் இரண்டே கேள்வி. உள்ளே அழுத்தம் கூடினால் இதன் அடைப்பு இறுகுமா, தளருமா? ஒழுகினால் எந்தப் பக்கம் ஒழுகும்? தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு நான் தரக்கூடிய வழி இதுதான். மற்றதெல்லாம் இதற்கு உதாரணம்.

முதல் கேள்விக்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1795. ஜோசப் பிராமா அந்த வருடம் லண்டனில், நீர் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய பிஸ்டனைச் சுற்றி ஒழுகாமல் இருக்கப் பேக்கிங்கை இறுக்கினால், அழுத்தம் எடுத்த பிறகும் பிஸ்டன் கீழே இறங்காமல் சிக்கிக்கொள்ளும். தளர்த்தினால் ஒழுகும். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே சொன்ன தீர்வு கிண்ணம் போல் வளைத்த தோல் வளையம். நீர் அழுத்தம் அந்த உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் போனதும் தோல் தானாகத் தளர்ந்து பிஸ்டனை விட்டுவிடும். இறுக்கும் வேலையை நட்டிடமிருந்து பிடுங்கி, ஒழுகப் பார்க்கும் திரவத்திடமே கொடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கைப்பம்பு ஞாபகம் வந்தது. அதன் உள்ளே இருக்கும் கப் வாஷர் அதே கிண்ணம்தான். அதுவும் முதலில் தோல். தோல் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் குழாய் மொத்தத்தையும் மேலே இழுக்க வேண்டும். 1980-களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நடந்த கைப்பம்புக் களச் சோதனையில் தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் பொருத்திப் பார்த்தார்கள். அந்த அனுபவம்தான் பிறகு வந்த இந்தியா மார்க் 3 பம்பில் சேர்ந்தது. சின்ன வயதில் தொங்கித் தொங்கி அடித்த பம்ப் தேர்வுக்குள் வந்து நிற்கும் என்று யார் கண்டது.

ஓ ரிங் என்ற ரப்பர் வளையமும் இதே குடும்பம். நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற டேனிஷ் அமெரிக்கர் 1937-இல் அமெரிக்கக் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1939-இல் பெற்றார். விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72. ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் வளையத்தைவிட அகலமாக இருப்பதைக் கவனியுங்கள். அந்த இடம் இருந்தால்தான் அழுத்தம் வளையத்தை ஒரு மூலைக்குத் தள்ளி இடைவெளியில் இறுக்க முடியும். 1986 ஜனவரி 28 சேலஞ்சர் விண்ணோட விபத்தை எல்லோரும் 'குளிரில் ஓ ரிங் கெட்டுவிட்டது' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பு எரியூட்டும் கணத்தில் அழுத்தத்தால் விரிந்தது, குளிரில் விறைத்த வளையத்தால் அந்த விரிவைப் பின்தொடர்ந்து மீள முடியவில்லை என்று எழுதிப் பாருங்கள், விடையின் தரமே மாறும். விசாரணையில் இயற்பியலாளர் ஃபைன்மேன் ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டியதும் இந்த மீளும் தன்மையைத்தான்.

இப்போது எதிர்ப்பக்கம். இரண்டு ஃபிளாஞ்ச் (குழாய் முனைத் தட்டு) நடுவில் கேஸ்கெட் (அடைப்புத் தகடு). இங்கே அழுத்தம் கூடினால் ஃபிளாஞ்சுகள் விலகப் பார்க்கும், அதாவது அடைப்பு தளரும். அதனால்தான் போல்ட்டை முன்கூட்டியே இழுத்து வைக்கிறோம். எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், முதலில் 30 சதவீத டார்க் (முறுக்கு விசை), பிறகு 70, பிறகு முழுமை, கடைசியாக வட்டமாக ஒரு சுற்று. இந்த வரிசையைக் கேட்காத திறன் தேர்வை நான் பார்த்ததில்லை.

வால்வுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். மிதக்கும் வகை பால் வால்வில் அழுத்தம் பந்தை ஓட்டம் வெளியேறும் பக்கத்து சீட்டில் (பந்து உட்காரும் வளையத்தில்) தள்ளி இறுக்கும். குளோப் வால்வைப் பொதுவாக சீட்டுக்கு அடியிலிருந்து திரவம் வரும்படி பொருத்துகிறார்கள், அங்கே அழுத்தம் வால்வைத் திறக்கப் பார்க்கும், மூடிப் பிடித்திருப்பது ஸ்பிண்டிலின் (வால்வுத் தண்டின்) திருகு. மூடியிருக்கும்போது கிளாண்டில் அழுத்தம் வராது என்பது அதில் கிடைக்கும் லாபம். கேட் வால்வைப் பாதி திறந்து வைத்து ஓட்டத்தைக் குறைக்கலாமா என்று கேட்டால் கூடாது என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பாதியில் தொங்கும் வெட்ஜ் (ஆப்பு வடிவக் கதவு) அதிரும், சீட்டை அரித்துவிடும், பிறகு முழுதாக மூடினாலும் ஒழுகும். ஒரு திசையில் மட்டும் ஓட விடும் செக் வால்வு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூடியூப் பார்த்துவிட்டு டெஸ்லா வால்வை எழுதுகிறவர்கள் மட்டும் கவனம். 1920-இல் காப்புரிமை பெற்ற, அசையும் பாகமே இல்லாத அழகான யோசனை அது. ஆனால் எதிர் ஓட்டத்துக்குத் தடையைக் கூட்டுமே தவிர, அடைக்காது.

மெக்கானிக்கல் சீல்தான் எல்லோரையும் பயமுறுத்தும் பகுதி. நான் அதிக நாள் செலவிட்டதும் இதில்தான். தண்டோடு சுழலும் ஒரு முகம், அசையாமல் நிற்கும் இன்னொரு முகம். பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றது சிலிக்கான் கார்பைடு அல்லது டங்ஸ்டன் கார்பைடு. இரண்டையும் ஸ்பிரிங்கும் திரவ அழுத்தமும் சேர்த்து நெருக்குகின்றன. நடுவில் ஒரு மைக்ரான் அளவில் திரவப் படலம். முகம் எவ்வளவு தட்டையாக இருக்க வேண்டும் என்பதை ஒற்றை நிற ஒளியில் தெரியும் பட்டைகளை எண்ணிப் பார்ப்பார்கள். ஹீலியம் ஒளியில் ஒரு பட்டை என்றால் 0.29 மைக்ரான். இரண்டு மூன்று பட்டைக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு மைக்ரானுக்கும் கீழே. அதனால்தான் சீல் முகத்தை விரலால் தொடாதே என்கிறார்கள். பட்டறையில் நான் ஒருமுறை புதுக் கார்பன் முகத்தை சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

இதிலும் சொட்டு உண்டு. அந்தப் படலத்தின் வழியே கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிவிடும். படலம் இல்லாமல் உலர்ந்து ஓடினால், சில நேரம் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே 'பம்பை ஓட்டும் முன் என்ன செய்வீர்கள்' என்றால் முதல் விடை, காற்றை வெளியேற்றி பம்பை நிரப்புவேன் என்பது.

அழுத்தம் கூடினால் சீல் முகம் இறுகும். ஆனால் அதிகமாக இறுகினால் படலம் நசுங்கிச் சூடாகும். பேலன்ஸ்டு சீல் என்பது அந்த இறுக்கத்தைக் குறைக்கத் தண்டில் ஒரு படி வெட்டி, அழுத்தம் தள்ளும் பரப்பைச் சிறிதாக்குவது. தள்ளும் பரப்பை முகப் பரப்பால் வகுத்தால் 1-க்கு மேல் வருவது அன்பேலன்ஸ்டு, பேலன்ஸ்டில் பெரும்பாலும் 0.65 முதல் 0.85 வரை. இதை வாய்ப்பாடாகப் படிக்காமல் ஒரு படம் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் புரியும்.

மெக்கானிக்கல் சீலுக்கான ஏபிஐ 682 தரத்தில் வரும் ஃபிளஷ் பிளான் (சீலுக்குத் திரவம் கொடுக்கும் ஏற்பாடு) எண்களை மனப்பாடம் செய்யப் போய் நான் இரண்டு வாரம் வீணடித்தேன். இரண்டாவது கேள்வி இங்கேதான் கைகொடுத்தது: ஒழுகினால் எந்தப் பக்கம்? பிளான் 11-இல் பம்பின் வெளியேறும் பக்கமான டிஸ்சார்ஜிலிருந்து ஆரிஃபிஸ் என்ற சிறு துளை வழியாக சீலுக்குத் திரவம் வருகிறது. பிளான் 52-இல் இரண்டு சீலுக்கு நடுவே இருக்கும் திரவத்தின் அழுத்தம் பம்பின் உள் அழுத்தத்தைவிடக் குறைவு, உள் சீல் கெட்டால் பம்பின் சரக்கு நடுத் திரவத்தின் தொட்டிக்குள் வரும். பிளான் 53-இல் நடுத் திரவத்தின் அழுத்தம் அதிகம், சீல் கெட்டால் அதுதான் பம்புக்குள் போகும். விஷத்தன்மை உள்ள சரக்குக்கு எது என்று கேட்டால் இப்போது யோசித்தே சொல்லிவிடலாம், இல்லையா?

கட்டுப்பாடு வால்வுப் பகுதியில் கணக்கு சுலபம், தப்பும் சுலபம். கேவி என்பது 1 பார் அழுத்த இழப்பில் வால்வு வழியே மணிக்கு ஓடும் நீரின் கன மீட்டர். கேவி 10 உள்ள வால்வில் 4 பார் அழுத்த இழப்பு இருந்தால் நீர் ஓட்டம் 40 அல்ல, மணிக்கு 20 கன மீட்டர், ஏனென்றால் வர்க்கமூலம். அதன் அமெரிக்க அளவான சிவி என்று கொடுத்திருந்தால் 0.865-ஆல் பெருக்கினால் கேவி. 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சிக்னலில் 50 சதவீதம் 12, 10 அல்ல. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்றால், வயர் அறுந்ததும் பூஜ்யம் காட்டும், அதை உடனே கண்டுபிடிக்கலாம்.

இந்தப் பகுதியில் ஒரு சம்பவத்தை மட்டும் விளக்கமாகப் படித்து வையுங்கள். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். அழுத்தம் கூடித் திறந்த ரிலீஃப் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ மூடியது போலக் காட்டியது. அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டும் விளக்கே அல்ல, மூடும்படி, வால்வை இயக்கும் மின்காந்தமான சோலனாய்டுக்குக் கட்டளை போனதை மட்டும் காட்டியது. குளிர்விக்கும் நீர் மணிக்கணக்கில் வெளியேறி, உலையின் மையம் பாதிக்கு மேல் பழுதானது. ஸ்பிண்டிலில், அதன் உண்மையான நிலையைக் காட்டும் லிமிட் ஸ்விட்ச் எதற்கு என்று நேர்முகத்தில் கேட்டார்கள், இதைச் சொன்னேன். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

ஆமாம், இரண்டாவது முறை வேறொரு ஆலை. திறன் தேர்வில் பம்புக்குப் பேக்கிங் போடச் சொன்னார்கள். பாக்ஸ் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்லீவ் 50. கழித்துப் பாதியாக்கினால் 10 மில்லிமீட்டர் பேக்கிங். நடு விட்டம் 60, அதை 3.14-ஆல் பெருக்கினால் ஒரு வளையத்துக்கு ஏறக்குறைய 188 மில்லிமீட்டர். பழைய வளையங்களை எல்லாம் எடுத்து எண்ணினேன், லேன்டர்ன் ரிங் (திரவம் நுழையத் துளையிட்ட வளையம்) எத்தனை வளையத்துக்குப் பிறகு இருந்தது என்று சாக்பீஸால் தரையில் எழுதினேன், அது ஃபிளஷிங் துளைக்கு நேராக உட்கார வேண்டும் என்பதால். வெட்டு வாய்களை 90 டிகிரி மாற்றி மாற்றி வைத்தேன். நட்டைக் கையால் மட்டும் முடுக்கி, தண்டைச் சுற்றிக் காட்டினேன். "ஏன் ஸ்பேனர் எடுக்கல?" என்றார் தேர்வாளர். "ஓட விட்டுச் சொட்டைப் பாத்துட்டு எடுக்கிறேன் சார்" என்றேன்.

வேலை கிடைத்தது. ஆனால் கிளம்பும்போது மேசையில் கிடந்த ஸ்பைரல் வூண்ட் கேஸ்கெட்டை (உலோகப் பட்டையும் நிரப்பியும் சுருளாகச் சுற்றியது)க் காட்டி, வெளி வளையத்தின் ஓரத்தில் பச்சை இருக்கிறதே, என்ன உலோகம் என்று கேட்டார்கள். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று உளறிவிட்டேன். பச்சை 316, மஞ்சள்தான் 304. குறுக்கே போகும் கோடு நிரப்பியைச் சொல்லும், சாம்பல் நிறம் என்றால் கிராஃபைட், வெள்ளை என்றால் டெஃப்லான். நோட்டில் இதை எழுதவே இல்லை நான்.