கொம்பு முதலில்

என் தந்தையார் 1928-இல் பிறந்து 2019-இல் மறைந்தார். அந்த 91 ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளைக் கும்பகோணத்தில் அச்சுக்கோப்பவராகவே கழித்தார். போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டின்போது 13 வயதுச் சிறுவனாக ஓர் அச்சகத்தில் தரை கூட்டுவதற்குச் சேர்ந்து, கீழே சிந்திக் கிடந்த ஈய எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து, எழுத்துகளைப் பிரித்து வைக்கும் கேஸ் என்ற தட்டின் அந்தந்த அறையில் போட்டே அதன் அமைப்பை மனப்பாடம் செய்துகொண்டவர். பிற்பாடு டிரெடில் என்னும் பழைய அச்சு எந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டு, வீட்டு முன்கட்டிலேயே சொந்தமாக அச்சகம் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கடைகளுக்கான பில் புத்தகம் ஆகியவைதாம் எங்கள் பிழைப்பு. 1980 மகாமகத்தின்போது இரவும் பகலும் டிரெடில் ஓடிய சத்தத்தில் நாங்கள் தூங்கப் பழகியிருந்தோம்.

அவர் கோப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் அழகு புரியும். இடக்கையில் எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக், அதற்குள் வரியை அணைத்துப் பிடித்திருக்கும் கட்டைவிரல். கண்கள் கையெழுத்துப் பிரதியை விட்டு அகலாதிருக்க, வலக்கை மட்டும் தானாகப் போய் எழுத்தை எடுத்து வரும். எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் வெட்டியிருக்கும் பள்ளத்தை விரல் தடவிப் பார்த்துவிடுவதால், அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்குக் கண் தேவைப்படுவதில்லை. ஸ்டிக்கில் எழுத்துகள் தலைகீழாக நிற்கும். வரி மட்டும் இடமிருந்து வலமாக ஓடும். அந்தத் தலைகீழ் வரியை அவர் நாம் நாளிதழ் படிப்பதுபோலப் படிப்பார். அச்சடித்து முடித்ததும் எழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றையும் திரும்ப அதனதன் அறையில் பிரித்துப் போட வேண்டும். கோப்பதைவிடப் பிரிப்பதில்தான் பொறுமை வேண்டும் என்பார். ஈயம் தொட்ட கையைச் சீயக்காய்த்தூளால் தேய்த்துக் கழுவாமல் அவர் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தொட்டதில்லை. அந்தத் தொழிலில் இருந்துகொண்டு இத்தனை வயது வாழ்ந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். தினமும் சாப்பிட்ட வாழைப்பழம்தான் காரணம் என்று அவர் நம்பினார்.

பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே மாலை நேரங்களில் நான் அவருக்குக் காப்பி படிக்கத் தொடங்கினேன். பிரதியை நான் உரக்க வாசிக்க, புரூஃப் என்னும் சோதனைப் படியை அவர் சரிபார்ப்பார். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் புரூஃப் திருத்தும் பொறுப்பு என் கைக்கு வந்தபோது அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: "பொருளைப் படிக்காதேம்மா, எழுத்தைப் படி." பொருளைப் படிக்கிறவளின் கண், இல்லாத எழுத்தையும் தானே போட்டுக்கொண்டு போய்விடும். எனக்கு அந்தப் பாடம் உரிய விலை கொடுத்த பிறகுதான் ஏறியது.

அது ஓர் ஆவணி மாதம். முகூர்த்த நாள்கள் நெருங்கிவிட்டால் ஒரு பத்திரிகையின் எழுத்துகளைப் பிரிப்பதற்கு நேரமிருக்காது; சட்டத்தில் இறுக்கி வைத்த பக்கத்தில் பெயர்களையும் தேதியையும் மட்டும் மாற்றி அடுத்த வீட்டுக்கு அடித்துவிடுவோம். முந்தைய வீட்டில் மணமகனின் தாத்தா காலமானவர். ஆகவே அவர் பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" இருந்தது. அடுத்த வீட்டுத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பெயர் மாறியது, அடைமொழி மாறவில்லை. நான்தான் திருத்தினேன், பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேனே ஒழிய, அதற்கு முன்னால் நின்ற சொல்லைப் பார்க்கவில்லை. 500 பிரதிகள் அடித்து, மூலையில் மஞ்சள் தடவி, அந்த வீட்டுக்குப் போயும் சேர்ந்துவிட்டன.

செய்தி வந்ததும் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பெரியவரிடம் போய், "பிழை என்னுடையது" என்று சொல்லிக் கையைக் கூப்பியிருக்கிறார். பெரியவர் நல்ல மனிதர். "இருக்கிறப்பவே தெய்வமாக்கிட்டீங்க, படையலையும் இப்பவே போடச் சொல்லிடுங்க" என்று சிரித்துவிட்டாராம். ஆனால் அவருடைய மருமகள்கள் சிரிக்கவில்லை. அபசகுனம் என்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தார்கள். அன்றிரவே சொந்தக் காகிதத்தில் 500 பத்திரிகைகளையும் புதிதாக அடித்துக் கொடுத்தார் அப்பா. நான் டிரெடிலுக்குத் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் கையைக் கழுவும்போதுதான், "பெயரை எல்லாரும் பார்ப்பாங்க. பக்கத்துல நிக்கிறதைத்தான் நாம பார்க்கணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, 13 எழுத்துகளின் பழைய வடிவங்கள் வழக்கொழிந்து, கேஸில் சில அறைகள் காலியாயின. ணா, றா, னா ஆகிய மூன்றின் பழைய சுழிகளும், அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும், தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை நான்கும் போயின. பெரியார் 1935-லிருந்தே குடி அரசில் அப்படித்தான் அச்சிட்டு வந்தார் என்பது அப்பாவுக்குத் தெரியும். கோப்பவனுக்கு அறை குறைந்தால் கை வேகமாக ஓடும் என்பதும் தெரியும். ஆகவே அவர் அதை எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. பழைய எழுத்துகளை எடைக்குப் போட்டபோது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் கைப்பட எழுதும் கடிதங்களில் மட்டும் கடைசிவரை தும்பிக்கை லைதான். என் மகன் அந்தக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "தாத்தா யானை வரைஞ்சிருக்காரு" என்பான்.

1994-இல் அச்சகத்தை மூடினோம். நான் அதற்கு முன்பே கணினியில் பக்கம் அமைக்கக் கற்றுக்கொண்டு வேறோர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டிரெடில் பழைய இரும்பு விலைக்குப் போனது. மிஞ்சிய சில எழுத்துகளை வைத்து அப்பா ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். மாதா மாதம் புதுச் சோப்பைப் பிரித்ததும் பேரனின் பெயரைக் கோத்து, நூலால் கட்டி, ஈரச் சோப்பின் மேல் அழுத்துவார். இடவலம் மாறி இருந்த எழுத்துகள் சோப்பில் நேராக விழும். பெயர் அழிந்துவிடும் என்று பையன் குளிக்கவே மறுப்பான். அவர் வாழ்நாளில் கோத்தவற்றில் இவ்வளவு ஆசையாகப் படிக்கப்பட்டது வேறொன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் பேரன் வளர்ந்து, கைப்பேசியில் தமிழ் தட்டுவதை அவர் ஒருநாள் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முதலில் "த" போட்டான். பிறகு ஒற்றைக்கொம்பைத் தொட்டான். கொம்பு தானாக முன்னால் போய் நின்றுகொண்டது. "என்னடா, கொம்பு பின்னாடி வருது?" என்றார். கணினியும் கைப்பேசியும் பயன்படுத்தும் ஒருங்குறியில் (யூனிகோட்) உயிர்மெய்யின் வரிசை அப்படித்தான், சொல்லும் ஒலிக்கு ஏற்ப மெய் முதலில், உயிர் பிறகு என்று அவன் விளக்கினான். நானும் தட்டச்சு விசைப்பலகையில் கொம்பை முதலில் தட்டியே பழகியவள். ஆகவே மனத்திற்குள் அப்பா பக்கம்தான் நின்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "சரிதான், கண்ணுக்குக் கொம்பு முதல்ல, காதுக்குத் த முதல்ல" என்று ஒப்புக்கொண்டார். 86 வயதில் ஒரு மனிதர் தன் தொழிலின் அடிப்படையையே மாற்றிச் சொல்லக் கேட்டு, அதில் உள்ள நியாயத்தையும் கண்டுகொண்டதை இப்போதும் வியந்து நினைத்துக்கொள்கிறேன்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் பார்வை மங்கிவிட்டது. நாளிதழை நான் உரக்கப் படிப்பேன். பழக்கதோஷத்தில் கமாவையும் சேர்த்தே படித்துவிடுவேன். அவரும் அதைத் தடுக்கவில்லை.

2022-இல் மகனுக்குத் திருமணம் நிச்சயமானது. பத்திரிகையை வெளியில் கொடுக்க மனமில்லாமல் நானே கணினியில் அமைத்தேன். மகள் வயிற்றுப் பேரன் என்ற வரியில் அப்பாவின் பெயர் வர வேண்டும். பெயரை எளிதாகத் தட்டிவிட்டேன்; அதற்கு முன்னால் வர வேண்டிய சொல்லுக்குத்தான் விரல் நகரவில்லை. ஒருவழியாகத் தட்டி, ஒரு படி எடுத்து, மகனை எதிரில் உட்காரவைத்துக் காப்பி படிக்கச் சொன்னேன். அந்தச் சொல் வந்தபோது அவனை நிறுத்திவிட்டு, பொருளைப் படிக்காமல் எழுத்தை மட்டும் பேனா முனையால் தொட்டுக்கொண்டே போனேன்: கொம்பு, த, ய், வ, த், தி, ரு. கேஸிலிருந்து எடுத்திருந்தால் ஏழு எழுத்து. ஓரத்தில் சரி என்று குறியிட்டேன்.