எங்கள் கடைக்கு எழுதிய பில் புரோகிராம்

2005-ல் அப்பாவும் சித்தப்பாவும் நடத்தும் ஹார்டுவேர் கடைக்கு பாக்ஸ்புரோ 2.6 என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் பில் போடும் புரோகிராம் எழுதினேன். கடையில் ஒரு நாள்கூட முழுதாக உட்கார்ந்து பார்க்காமல் எழுத ஆரம்பித்தது பெரிய தப்பு. ஒயர் 90 மீட்டர் காயிலாக வரும், மீட்டர் கணக்கில் போகும். ஆணி மூட்டையில் வரும், கால் கிலோ கேட்டாலும் கொடுக்க வேண்டும். நான் ஒரு பொருளுக்கு ஒரே அலகுதான் வைத்திருந்தேன். ஒரே வாரத்தில் இருப்பு மைனஸில் போய்விட்டது. வாங்கும் அலகு வேறு, விற்கும் அலகு வேறு என்று பிரித்த பிறகுதான் சரியானது.

சொந்தக் கடை என்பதால் புகாரெல்லாம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் வரும். அது நல்லதுக்குத்தான், மறுநாள் காலையிலேயே திருத்திவிடலாம்.

ஆனால் எனக்கு நிஜமாகக் கற்றுக்கொடுத்தவர் கடைக் கணக்குப்பிள்ளை. பாக்ஸ்புரோவில் டெலீட் கொடுத்தால் ரெக்கார்டில் நீக்கியதாக ஓர் அடையாளம் மட்டும்தான் விழும், பேக் (PACK) என்ற கட்டளை கொடுத்தால்தான் ஒரேயடியாக அழியும். தப்பான பில்லை நீக்க ஒரு மெனு வைத்து இரண்டையும் அதற்குள் சேர்த்திருந்தேன். சித்தப்பா ஒரு பில்லை நீக்கினார். சாயங்காலம் நாள் கணக்கு பார்த்தால் பில் எண் 412-க்கு அடுத்து 414. கணக்குப்பிள்ளை கோபப்படவில்லை, தன் பேரேட்டைத் திறந்து காட்டினார்: தப்பான வரிமேல் ஒரு கோடு, கீழே எதிர்ப்பதிவு, பக்கத்தில் தேதி. "எழுதினதை அழிக்கக் கூடாது தம்பி, நாளைக்கு யாராவது கேட்டா என்ன காட்டுவோம்?" என்றார். அன்று இரவே அந்த மெனுவை எடுத்துவிட்டு, பில் 'ரத்து' என்ற குறியோடு அப்படியே நிற்கும்படி மாற்றினேன்.

அதே பாடம் இன்னொரு முறை, 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தபோது. வரி விகிதத்தைப் பொருள்களின் விவரம் இருக்கும் கோப்பில் மட்டும் வைத்திருந்தேன், அங்கே 12.5 சதவீதம் என்று மாற்றியதும் டிசம்பர் பில்லை மறுபடி அச்சடித்தால் அதிலும் புது வரி ஏறி மொத்தமே வேறாக வந்தது. கொடுத்த பில்லை மாற்ற எனக்கு என்ன உரிமை! விலையும் வரியும் அந்தந்த பில் வரியிலேயே பதியும்படி மாற்றி, பழைய பில்களுக்கு கார்பன் நகல்களை வைத்துக்கொண்டு அப்பா படிக்க நான் ஏற்றினேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மத்திய, மாநில அரசுகளின் பங்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்கு இடம் சேர்த்ததோடு சரி, வாட் கால பில்கள் கொடுத்த தொகையிலேயே அச்சாகின.