காபாவை உள்ளிழுப்பது எந்தச் செல்?

பிப்ரவரி 3

காபா என்பது மூளையில் நரம்புச் செல்களை அடக்கிவைக்கும் வேதித் தூதுப்பொருள்; வெளியான காபாவைச் சில செல்கள் திரும்ப உள்ளிழுத்துக்கொள்ளும். எலியின் சிறுமூளைச் சீவல்களை டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய காபா கரைசலில் வைத்தோம். கூடவே அமினோஆக்ஸிஅசிட்டிக் அமிலம். அது இல்லாவிட்டால் நொதி காபாவைச் சிதைத்துவிடும். அப்புறம் பார்ப்பது காபாவையா, அதன் மிச்சத்தையா என்றே தெரியாது. ஒரு தொகுதிக்கு மட்டும் சோடியம் இல்லாத கரைசல்.

எடுத்த கையோடு பாதிச் சீவல்கள் குளூட்டரால்டிஹைடுக்குள் போயின. காபாவின் அமினோ தொகுதியைப் பிடித்துப் பக்கத்துப் புரதத்தோடு அது பிணைத்துவிடும். இந்தப் பிணைப்பு இல்லையென்றால் கழுவும்போதே காபா கரைந்து ஓடிவிடும், இடம் கண்டுபிடிக்கும் பேச்சுக்கே வழியில்லை.

பிப்ரவரி 4

மீதிச் சீவல்களின் கதிரியக்கத்தை எண்ணினோம். சோடியம் இல்லாதவற்றில் மிகக் குறைவு. உள்ளிழுக்கும் புரதம் சோடியத்தை நம்பித்தான் ஓடுகிறது, சரி. எந்தச் செல் இழுத்தது என்பது இந்த எண்ணில் கிடைக்காது.

பிப்ரவரி 9

இருட்டறை வேலை. ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் வெட்டுகள் ஒட்டிய ஸ்லைடுகளை உருக்கிய எமல்ஷனில் (வெள்ளி உப்பு கலந்த புகைப்படப் பூச்சு) முக்கி எடுத்தோம். டிரிட்டியத்தின் பீட்டா துகளுக்கு அதிகபட்ச ஆற்றலே 18.6 கிலோஎலக்ட்ரான்வோல்ட், சில மைக்ரோமீட்டருக்குள் நின்றுவிடும். அதனால் வெள்ளித் துகள் கறுக்கும் இடத்துக்கு வெகு அருகிலேயே காபா இருக்கிறது என்று நம்பலாம். கார்பன்-14 இவ்வளவு கூர்மை தராது. சாதாரண கைகர் கருவிக்கு டிரிட்டியம் எட்டாது, எனவே எங்காவது சிந்தியிருக்கிறதா என்று மேசையைத் துடைத்த தாளின் கதிரியக்கத்தையும் எண்ணிப் பார்த்தோம்.

பிப்ரவரி 20

ஸ்லைடுப் பெட்டிகள் குளிரில், இருட்டில். திறக்கவில்லை. 1961-ல் ஹெர்ட்டிங்கும் ஆக்ஸல்ராடும் இதே டிரிட்டியத்தை நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்புத் தூதுப்பொருளில் ஏற்றி, நரம்பு முனைகள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதைக் காட்டினார்கள். நாங்கள் செய்வதெல்லாம் அந்த வழியில்தான்.

மார்ச் 6

டெவலப் செய்தாகிவிட்டது! சிறுமூளைப் புறணியின் வெளி அடுக்கான மூலக்கூறு அடுக்கின் சிறிய நட்சத்திரச் செல்கள் மேல் கறுப்புப் புள்ளிகள் மொய்த்துக் கிடக்கின்றன. நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் கிளையா செல்களின் நீட்சிகளிலும் நிறைய. அவற்றுக்குக் கீழே வரிசையாக பர்கின்ஜி செல்களின் பெரிய உடல்கள். அவற்றின் மேல் பின்னணியளவுக்குத்தான் புள்ளிகள். இத்தனைக்கும் பர்கின்ஜி காபாவை வெளியிடும் செல். உள்ளிழுப்பை மட்டும் வைத்து காபா செல்களின் வரைபடம் போட்டால், சிறுமூளையின் மிக முக்கியமான காபா செல்லே அதில் விடுபட்டுப்போகும். வெகுநேரம் லென்ஸை விட்டு நகர மனமில்லை.

மார்ச் 8

கிளையா பங்கைப் பிரிக்க வேண்டும். பீட்டா-அலனின் பெரும்பாலும் கிளையாவின் உள்ளிழுப்போடு போட்டியிடும், டையமினோபியூட்டிரிக் அமிலம் நரம்புச் செல்களின் பக்கம். இரண்டையும் தனித்தனியே சேர்த்து அடுத்த சீவல்கள்.