பம்ப் நின்றால் குளோரினேட்டரும் நிற்க வேண்டும்

திருவையாற்றுக்கு அருகே நாங்கள் நடத்தும் சிறிய தங்கும் விடுதியில் நீச்சல் குளம் கட்டியபோது, காவிரி ஓடும் ஊரில் இது எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடிவிட்டால் ஆறு மணல்வெளியாகிவிடும் என்பதைக் கோடையில் வந்து தங்குவோரிடம் சொல்லிச் சமாளிக்க முடியாது. 60,000 லிட்டர் கொள்ளும் அந்தக் குளத்தில் இரண்டு ஆண்டுகள் குளோரின் தூளைக் கையால்தான் கரைத்து ஊற்றினோம். பிறகு, நீரில் கரைத்த உப்பிலிருந்தே குளோரினை உண்டாக்கும் உப்புக் குளோரினேட்டர் ஒன்றை வாங்கி, அதையும் ஒன்றரை எச்.பி. பம்பையும் ஒரே தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கீழ்க் கொண்டுவந்தோம். அந்த வயரிங்கில் நாங்கள் பட்ட பாடுதான் இது.

குளோரினேட்டரின் செல் எனும், தகடுகள் கொண்ட கூட்டுக்குள் உப்புநீர் வழியே மின்சாரம் பாயும்போது ஒரு தகட்டில் குளோரினும் மற்றொன்றில் ஹைட்ரஜனும் உண்டாகின்றன. நீர் ஓடிக்கொண்டிருந்தால் ஹைட்ரஜன் அதனுடனேயே வெளியேறிவிடும். நீர் நின்றபின் செல்லுக்கு மட்டும் மின்சாரம் போனால், அந்த வாயு மூடிய கூட்டுக்குள் சேர்ந்து வெடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே குளோரினேட்டரைத் தனி பிளக்கில் செருகி, அதிலுள்ள டைமரையும் பம்பின் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்ற என் முதல் யோசனையைக் கைவிட்டேன். இரண்டு கடிகாரங்கள் என்றைக்கும் ஒத்துப்போவதில்லை. அதிலும் மின்வெட்டுக்குப் பிறகு சொல்லவே வேண்டாம்.

கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள ரிலே எனும் சிறு தானியங்கி ஸ்விட்ச் 10 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருந்தது. ஓடும்போது எங்கள் பம்ப் சுமார் 8 ஆம்பியர்தான் எடுக்கிறது என்றாலும், கிளம்பும் நொடியில் அது பல மடங்காகும் என்பதால், ரிலே நேராகப் பம்பை இயக்காமல் கான்டாக்டர் எனும் பெரிய மின்காந்த ஸ்விட்சின் காயிலை மட்டும் இயக்குமாறு அமைத்தோம். பம்புக்கும் குளோரினேட்டருக்கும் அந்தக் கான்டாக்டரின் அவுட்புட் பக்கத்திலிருந்தே லைன் எடுத்தோம். கான்டாக்டர் விழுந்தால், அதாவது இணைப்பை விட்டால், இரண்டும் ஒன்றாக நிற்கும். மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயின் 95, 96 முனைகளைக் காயிலோடு தொடராக இணைத்ததால், பம்ப் சூடாகி அது டிரிப் ஆனாலும் குளோரினேட்டர் தனியே ஓடாது.

காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. எங்கள் எலெக்ட்ரீஷியன் முப்பது ஆண்டுகளாக வயல்களில் போர் மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் கட்டிப் பழகியவர். அந்தப் பழக்கத்தில், ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானுக்கு இணையாக நம் கட்டுப்பாட்டுப் பெட்டி ரிலேயின் முனைகளையும் கொடுத்துவிட்டு, பொத்தானை விட்ட பிறகும் கான்டாக்டரைப் பிடித்து வைக்கும் வழக்கமான ஹோல்டிங் வயரையும் அதன் 13, 14 முனைகளில் விட்டுவைத்தார். இரவு 8 மணிக்குப் பெட்டியின் திரை ‘நின்றது’ என்று காட்டியதை நம்பி நான் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை 6 மணிக்குப் பணியாளர் அழைத்துச் சொன்ன பிறகே, பம்ப் இரவு முழுவதும் ஓடியது தெரிந்தது. நீர் ஓடியதால் ஆபத்தில்லை. ஆனால் குளோரின் சோதனைக் குப்பி அடர்மஞ்சளாகிவிட்டதால், அன்று யாரையும் குளத்தில் இறங்கவிடவில்லை.

"தம்பி, ஸ்டார்ட்டர்னா ஒருதடவை தட்டினா பிடிச்சுக்கத்தானே செய்யணும்?" என்றார் அவர். பொத்தானைப் பொறுத்தவரை அது சரிதான். விரலை எடுத்ததும் தொடர்பு விட்டுப்போவதால் கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ள வேண்டும். தானியங்கிப் பெட்டியின் ரிலேயோ, ஓட வேண்டிய நேரம் முழுவதும் தானே அழுத்திக்கொண்டிருக்கும் விரல். அது விட்டதும் விடுவதே கான்டாக்டரின் வேலை. ஹோல்டிங் வயரைக் கழற்றி, கையால் ஓட்டுவதற்கென ஆட்டோ–மேனுவல் ஸ்விட்ச் ஒன்றைத் தனியே வைத்தோம்.

அடுத்த தொல்லை, மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பம்ப் மட்டும் ஓடினால் அமைதியாக இருந்த அந்த 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி., குளோரினேட்டர் வேலையைத் தொடங்கிய உடனே டிரிப் ஆனது. செல்லில் கசிவு என்று நினைத்து அதைக் கழற்றி உலர்த்தியதில் ஒன்றரை நாள் வீணாயிற்று. குளோரினேட்டருக்கு ஃபேஸைக் கான்டாக்டரிலிருந்து எடுத்த எலெக்ட்ரீஷியன், வயர் எட்டவில்லை என்று நியூட்ரலைப் பக்கத்திலிருந்த லைட் போர்டிலிருந்து எடுத்திருந்தார். தன் வழியே போன மின்சாரம் தன் வழியே திரும்புகிறதா என்பதை மட்டுமே ஆர்.சி.சி.பி. பார்க்கிறது. நம் மதகில் விட்ட நீர் பக்கத்து வாய்க்காலில் வடிந்தால் கணக்கு எப்படி நேராகும்? நியூட்ரலை மாற்றியதும் சரியாயிற்று.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் வேதாரண்யம் இருக்கும்போது வேறு உப்பா என்று மாமா கோபித்துக்கொண்டார். உப்பளத்திலிருந்து அப்படியே வரும் கல்லுப்பிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் தகடுகளில் படிந்துவிடும் என்பதால், அயோடின் சேர்க்காத சுத்திகரித்த உப்பையே 200 கிலோ கரைத்தோம். அதுவே லிட்டருக்கு 3.3 கிராம் ஆகிறது.

கான்டாக்டர் பிடித்திருப்பதாலேயே குழாயில் நீர் ஓடுகிறது என்று சொல்ல முடியாது; பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே சுற்றலாம். அதனால் கடைசியாக, நீரோட்டத்தை உணரும் ஃப்ளோ ஸ்விட்சை அதன் அம்புக்குறி நீர் போகும் திசையைப் பார்க்குமாறு பொருத்தி, அதன் வயரை 230 வோல்ட் வயர்களோடு சேர்க்காமல் தனிக் குழாயில் கொண்டுவந்தோம். பம்ப் ஓடும்போதே வால்வை மெல்ல மூடிப் பார்த்தோம். நீர் குறைந்ததும் குளோரினேட்டர் தானாக உற்பத்தியை நிறுத்தியது. மூன்று முறை மூடினோம், மூன்று முறையும் நின்றது. எலெக்ட்ரீஷியன் வயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து பேனல் கதவின் உட்புறம் ஒட்டி, 13, 14 முனைகளுக்கு நேரே சிவப்பு மையில் "இங்கே வயர் கூடாது" என்று தம் கையாலேயே எழுதினார்.