காஞ்ச பிரஷ்

ஃப்ரெண்ட் ரூமுக்குப் போனேன். பல் தேய்க்கிற பிரஷ் காஞ்சு விறைச்சுக் கெடந்துச்சு.

"என்னடா, சோகமா?"ன்னேன்.

"அழுகைகூட வரலடா. எதுவுமே தோணல."

அப்பா தவறினப்போ நான் அழுது தீர்த்தேன், ஆனா நடுவுல யாரோ சொன்ன ஜோக்குக்கு சிரிச்சும் தொலைச்சேன், அதுக்கு வேற குற்ற உணர்ச்சி. துக்கம் அப்படித்தான், வரும் போகும்.

இவனுக்கு அது போகவே இல்ல. பாட்டு, தூக்கம், பசி எதுவும் இல்லாம மூணு வாரம். டாக்டருங்க கணக்குக்கு 2 வாரம் கிட்டத்தட்ட தினமும் இப்படி இருந்தாலே டிப்ரஷனான்னு பாக்கணும். நான் என்னடான்னா "வெளிய போய்ட்டு வா, சரியாயிடும்"னு அட்வைஸ் பண்ணிட்டிருந்திருக்கேன், மடையன்.

நாளைக்கு 11 மணிக்கு அப்பாயின்ட்மெண்ட், நானும் கூடப் போறேன்.

பிரஷ்ல பேஸ்ட் வெச்சு நீட்டினேன். வாங்கிக்கிட்டான்.